குளத்துச் சேற்றில் உறங்குங் குடிகள்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இம்மேசையின்மேல் இரண்டு கண்ணாடிப் போத்தல்கள் இருப்பதைக் காண்கிறீர்கள். ஒன்றிலே கிணற்று நீர் மாத்திரம் இருக்கிறது. மற்றதிலே அதே கிணற்று நீருடன் ஒரு கைப்பிடி காய்ந்த குளத்து மண்ணும் இருக்கிறது. ஆறு நாட்களுக்கு முன்னர் இரண்டையும் ஒரே சாளரத்தடியில் வைத்தோம். இப்பொழுது எட்ட நின்று பார்ப்போருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றலாம். கிட்ட வந்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால், மண் இட்ட போத்தலிலே தூசிபோன்ற சில புள்ளிகள் எழுந்தும் தாழ்ந்தும் துள்ளுவது தெரியும். தூசி தானாகத் துள்ளாது. இத்துள்ளும் புள்ளிகளைப் பற்றியே இன்று பேச வந்துள்ளோம்.

வருகிற ஆவணியிலே ஊர்க் கேணியைத் துப்புரவாக்குவதென்று எமது சங்கம் தீர்மானித்திருக்கிறது. நல்ல தீர்மானம். ஆயினும் மண்வெட்டியைக் கையில் எடுக்குமுன் இந்தப் போத்தலை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லதென்று எமக்குத் தோன்றியது. அதற்குக் காரணம் எமது பழைய தவறு ஒன்று. அதனைப் பின்னர் சொல்கிறோம்.

எமது குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை என்பதைப் பாலர் வகுப்புப் பிள்ளையும் அறியும். வழுக்கை ஆறு என்று ஒன்று உண்டு. அதுவும் மழை காலத்தில் கந்தரோடைப் பக்கமாக வந்து அராலியிலே கடல்நீரேரியைச் சேர்ந்துவிட்டு, வெயில் காலத்தில் பெயரளவில் நிற்பது. மற்றபடி எமக்குள்ளவை குளங்களும் கேணிகளும் கிணறுகளுமே. ஆரியகுளம், புல்லுக்குளம், நல்லூர் யமுனா ஏரி எனப் பெயர் பெற்றவை சில. ஊருக்கு ஊர், வயலுக்கு வயல், பெயர் பெற்றும் பெறாமலும் கிடப்பவை ஆயிரத்துக்கு மேல். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களிற் பெய்யும் வாடைக்காற்று மழையே இவற்றை நிரப்புகிறது. பங்குனி, சித்திரை வந்ததும் பெரும்பாலானவை வற்றத் தொடங்கி, ஆனி, ஆடியில் வெடித்த தரையாகக் கிடக்கின்றன.

மேனாட்டு நூல்களிலே ஏரியைப் பற்றிப் படிப்போர், நடுவிலே ஆழ்ந்த நீர், ஓரத்திலே வெளிச்சம் அடிமட்டம்வரை எட்டும் கரைநீர் என்று இரண்டாகப் பிரித்துப் படிப்பார்கள். எமது குளங்களுக்கு அந்தப் பிரிவினை தேவையில்லை. இடுப்பளவு, மிஞ்சினால் ஆளளவு நீர். ஒரு குளம் முழுவதுமே கரைதான். ஆகவே கரைநீரிலே குடியிருக்கும் சிற்றுயிர்களை அறிந்துகொண்டால் எமது குளத்தையே அறிந்துகொண்டவர்கள் ஆவோம்.

இவை இறாலுக்கும் நண்டுக்கும் உறவான இனம். உடம்பு ஓட்டினால் மூடப்பட்டது. வளரும்போதெல்லாம் ஓட்டைக் கழற்றிப் புதியது பூணுவது. ஆனால் உருவமோ கடுகிலும் சிறிது. மூன்று கூட்டத்தாரை மாத்திரம் இங்கே அறிமுகஞ் செய்கிறோம். முதலாவது நீர்த்தெள்ளு. தெள்ளுப்பூச்சிபோலத் துள்ளுவதால் வந்த பெயரேயன்றி யாரையும் கடிப்பதில்லை. நீரிலுள்ள பச்சைப் பாசித்துகளை வடிகட்டி உண்பது. மொயினா, தப்னியா, சேரியோதப்னியா என்பவை இக்கூட்டத்தவை. இரண்டாவது சைக்கிளொப்ஸ் வகை. நெற்றியில் ஒற்றைக் கண்ணும், பெண்ணாயின் வாலின் இருபுறமும் இரண்டு முட்டைப் பைகளும் உடையது. இதன் பெரிய இனங்கள் தம்மிலும் சிறியவற்றைப் பிடித்துத் தின்னும். மூன்றாவது ஒஸ்ட்ரகோட். பயறுபோல இரண்டு ஓடுகளுக்குள்ளே ஒடுங்கி, சேற்றோரமாய் உருண்டு திரிவது.

இவற்றை இலங்கையில் ஆராய்ந்த வரலாறும் பழையது. கொழும்பு நூதனசாலையின் முதல் அதிபராயிருந்த ஹேலி என்பார் சேர்த்து அனுப்பியவற்றை ஆங்கில நாட்டுப் பிறேடி என்பவர் 1886-ஆம் ஆண்டிலே விவரித்து எழுதினார். அவற்றுள் ஓர் ஒஸ்ட்ரகோட்டுக்கு எமது தீவின் பெயரையே இட்டார். 1907-இல் ஜெர்மானியரான அப்ஸ்ரைன் கொழும்பு ஏரியின் மிதவையுயிர்களை ஆராய்ந்தார். பின்னர் சி. எச். பெர்னாண்டோ அவர்கள் தீவின் நன்னீர்ச் சிற்றுயிர்களைப் பல்லாண்டுகள் ஆராய்ந்து, 1980-இல் விரிவான கட்டுரை வெளியிட்டார். குளிர் நாட்டு ஏரிகளிலே பெரிய தப்னியாக்கள் ஆட்சி செய்ய, எம்போன்ற வெப்ப நாட்டு நீர்களிலே சிறிய உருவினரே மிகுந்திருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். அதன் காரணத்துக்குப் பின்னர் வருவோம்.

இனி இவற்றின் பெருக்கத்தைப் பார்ப்போம். நீர் இதமாகவும் உணவு தாராளமாகவும் உள்ள காலத்திலே நீர்த்தெள்ளுகளில் ஆண் இல்லை. எல்லாம் பெண்கள். தாய் முதுகுப் பைக்குள்ளே முட்டையிட்டு, அங்கேயே குஞ்சாக்கி, மகள்களையே பெறுகிறது. மொயினா போன்றவை எமது வெப்பத்தில் பிறந்து இரண்டு மூன்று நாட்களிலேயே தாமும் தாயாகிவிடும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு நாட்களுக்கு ஒரு தடவை தொகை இரட்டிப்பதாக வைத்துக்கொண்டால், முப்பது நாட்களிற் பதினைந்து தடவை இரட்டிக்கும். ஒன்று 32,768 ஆகும். அடுத்த மாத முடிவில் அது நூறு கோடியைத் தாண்டும். ஆனால் எந்தக் குளமும் நீர்த்தெள்ளுக் கூழாக மாறியதை நாம் கண்டதில்லையே! அப்படியானால் பிறந்தவை எங்கே போகின்றன?

இந்தக் கேள்விதான் உயிரினத் தொகைபற்றிய விஞ்ஞானத்தின் உயிர்நிலை. எமது வாலிபர் பலர் எண்ணிக்கை என்றால் தலையை எண்ணுவது என்று மாத்திரம் நினைக்கிறார்கள். துலாவால் இறைக்கும் கிணற்றை நினைத்துப் பாருங்கள். காலையிலும் மாலையிலும் நீர் மட்டம் ஒரே படியில் நின்றால், அக்கிணற்றிலே ஒன்றும் நிகழவில்லை என்று சொல்வோமா? ஒருபுறம் ஊற்று வருகிறது. மறுபுறம் பட்டை இறைக்கிறது. இரண்டும் சமனானபடியால் மட்டம் அசையவில்லை. குளத்துத் தெள்ளின் தொகையும் இப்படியே. அமெரிக்க அறிஞர் எட்மன்சன் 1960-களில் இதற்கு அழகான ஒரு வழியைப் பயன்படுத்திக் காட்டினார். தாயின் உடம்பு கண்ணாடிபோன்றது. உள்ளிருக்கும் முட்டைகளை எண்ணலாம். ஒரு குவளை நீரில் நூறு தாய்களும் அவற்றில் ஐம்பது முட்டைகளும் இருக்கின்றன என்று வைப்போம். முட்டை பொரிக்க ஒரு நாள் ஆகுமாயின் நாளைக்கு நூற்றைம்பது இருக்கவேண்டும். நாளைக்கு எண்ணும்போது நூற்றுப்பத்தே இருந்தால், நாற்பதை யாரோ கொண்டுபோய்விட்டார்கள். சாவைக் கண்ணாற் காணாமலே சாவின் தொகையைக் கண்டுபிடிக்கும் வித்தை இது. பணச் செலவு இல்லாத வித்தையும்கூட. ஒரு பூதக்கண்ணாடியும் பொறுமையும் போதும்.

கொண்டுபோனவர் யார்? தும்பியின் குஞ்சுகள், மல்லாந்து நீந்தும் நீர்மூட்டைகள், சைக்கிளொப்ஸின் பெரிய இனங்கள் எனப் பலர் உளர். எல்லாரிலும் பெரிய வரி வசூலிப்பவர் மீன். மீன் கண்ணாற் பார்த்துத் தின்பது. ஆகவே பெரியதை முதலில் எடுக்கும். 1965-இல் புறூக்ஸ், டொட்சன் என்ற இருவர் அமெரிக்காவின் கொனெக்ரிகட் மாநிலத்து ஓர் ஏரியைப் பற்றி எழுதியது பெயர் பெற்றது. 1942-இல் அவ்வேரியிலே பெரிய உருவச் சிற்றுயிர்கள் இருந்தன. இடையிலே ஒரு சிறு மீனினம் அங்கு புகுந்தது. 1964-இல் வலை வீசிப் பார்த்தபோது பெரியவை ஒழிந்து சிறியவையே எஞ்சியிருந்தன. பெரிய தெள்ளே நீரை அதிகம் வடிகட்டுவது. எனவே மீன் மிகுந்து தெள்ளு குறைந்த நீர் பச்சையாவதில் வியப்பில்லை. வெப்ப நாட்டு நீர்களிலே சிறியவை மிகுந்திருப்பதற்கும் ஆண்டு முழுவதும் ஓயாத மீனின் வாயே பெருங்காரணம் என்பர்.

தெள்ளும் சும்மா இருப்பதில்லை. தப்னியா லும்ஹோல்சி என்றோர் இனம் இலங்கையிலும் உண்டு. நீரிலே மீனின் வாடை கரைந்து வந்தால், அடுத்துப் பிறக்கும் மகள்களுக்குத் தலையிலும் வாலிலும் நீண்ட முட்கள் வளர்கின்றன. சிறு மீனின் தொண்டைக்குள் இறங்காதபடி. சேரியோதப்னியா கோர்னூட்டா என்பதும் எமது தீவில் உள்ளது. அதில் கொம்புள்ளது, கொம்பில்லாதது என இரு வடிவங்கள் உள. பனாமா நாட்டுக் கட்டூன் ஏரியிலே சாரெட் என்பவர் ஆராய்ந்தபோது, கொம்பில்லாதது வேகமாகப் பெருகுவதையும், ஆனால் அதன் கரிய கண் பெரிதாயிருப்பதால் மீனுக்கு எளிதில் இரையாவதையும் கண்டார். வேகமாகப் பெருகுவதா, தலை தப்புவதா என்ற வழக்கு அங்கே இன்னும் தீரவில்லைப்போலும்.

குளத்திலே தாமரையும் ஆம்பலும் பாசியும் இருக்கின்றனவே, அவற்றுள் ஒளிந்தால் ஆகாதா என்று சிலர் கேட்கலாம். குளிர் நாட்டு ஆழங்குறைந்த ஏரிகளில் அப்படித்தான் நடக்கிறது. பகலிலே தெள்ளுகள் கரையோரச் செடிகளுக்குள் புகுந்து, இரவிலே வெளியே வருகின்றன. ஆனால் டென்மார்க்கு ஏரிகளையும் வெப்பம் மிகுந்த உருகுவே நாட்டு ஏரிகளையும் ஒப்பிட்டோர் வேறு செய்தி சொல்கின்றனர். வெப்ப நாட்டிலே சிறு மீன்களும் அச்செடிகளுக்குள்ளேயே கூட்டமாகக் குடியிருக்கின்றன. கள்வனுக்குப் பயந்து ஒளிந்த அறையிலே கள்வனும் இருந்தால் என் செய்வது?

அப்படியாயின் எமது குளத்துத் தெள்ளைக் காத்தது எது? இங்கேதான் நாம் சற்று நின்று சிந்திக்கவேண்டும். வறட்சிதான் காத்தது. குளம் வற்றும்போது மீனுக்கு வழியில்லை. தெள்ளுக்கு வழி உண்டு. நீர் சுருங்கிக் கூட்டம் நெருங்கி உணவு குறைந்ததும், அதுவரை மகள்களையே பெற்ற தாய் திடீரென ஆண்களையும் பெறத் தொடங்குகிறது. ஆணும் பெண்ணும் கூடிப் பிறப்பது வேறு வகை முட்டை. தாயின் முதுகோடே தடித்துக் கறுத்து, குதிரைச் சேணம்போல அம்முட்டையை மூடிக்கொள்கிறது. தாய் தோல் கழற்றும்போது அச்சேணமும் கழன்று சேற்றில் விழுகிறது. வெயிலில் காய்ந்தாலும், மாட்டுக் குளம்பிலே மிதிபட்டாலும், கொக்கின் காலிலே ஒட்டி அடுத்த ஊருக்குப் போனாலும் அதற்கு அழிவில்லை. சைக்கிளொப்ஸின் வழி வேறு; அது முட்டையாக அன்றி, பாதி வளர்ந்த குஞ்சாகவே சேற்றுக்குள் ஒடுங்கி உறங்கும். நாம் வறட்சியைச் சாபம் என்கிறோம். அவற்றுக்கோ அது எதிரி இல்லாத உறக்கம்.

இவ்வுறக்கம் எத்தனை நாளைக்கு? நோர்வே நாட்டுச் சார்ஸ் என்னும் பேரறிஞரின் கதையைக் கேளுங்கள். அவர் கடல் கடந்து போகாமலே தூர தேசத்து உயிர்களைத் தம் அறையிலே வளர்த்தவர். லும்ஹோல்ஸ் என்ற அவரது நாட்டுப் பிரயாணி அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக் குட்டை ஒன்றின் காய்ந்த சேற்றை அவருக்குக் கிடைக்கச் செய்தார். சார்ஸ் அதைக் கண்ணாடிப் பாத்திரத்தில் இட்டு நீர் வார்த்தார். அவுஸ்திரேலியத் தெள்ளுகள் நோர்வேக் குளிரிலே துள்ளின! 1885-இல் அவற்றை வரைந்து விவரித்து, ஒன்றுக்கு அப்பிரயாணியின் பெயரை இட்டார். சற்று முன் சொன்ன முட்கள் வளர்க்கும் தப்னியா லும்ஹோல்சி அதுவே. இம்மேசையிலுள்ள எமது போத்தல் சார்ஸின் பாத்திரத்துக்கு ஓர் ஏழைப் பேரன். இன்னும் ஒன்று: 1995-இல் ஹெயர்ஸ்டன் என்பாரும் அவர் கூட்டத்தாரும் அமெரிக்கக் குளங்களின் அடிச்சேற்றை ஆராய்ந்து, முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட முட்டைகளும் உயிரோடிருப்பதைக் கண்டனர். நீருக்கடியில் ஆழப் புதைந்த சேற்றின் கதை அது; எமது வெடித்த தரையிலே அத்தனை காலம் தாங்கும் என்று சொல்ல வரவில்லை. ஆனாலும் சேறு என்பது அழுக்கு மாத்திரமன்று என்பது இதனால் தெளிவாகும்.

இன்னுமொரு நுட்பம். மழை விழுந்ததும் எல்லா முட்டைகளும் ஒருங்கே பொரித்துவிடுவதில்லை. ஒரு பகுதி பொரிக்கும். மறு பகுதி அடுத்த மழைக்கு, அல்லது அடுத்த வருடத்துக்கு என்று கிடக்கும். புரட்டாதியிலே ஒரு பொய் மழை பெய்து பத்து நாளில் காய்ந்துபோவது எமக்குப் புதிதன்று. முதல் மழையை நம்பி வீட்டிலுள்ள விதை நெல் முழுவதையும் விதைத்துவிடும் கமக்காரனை நாம் கண்டதுண்டா? இத்தெள்ளுகள் அக்கமக்காரனுக்கு மூத்தவை.

இனி எமது தவறைச் சொல்லுவோம். பல வருடங்களுக்கு முன்னர், நாம் வாலிபர்களாயிருந்த காலத்தில், ஒரு கோயிற் கேணியைத் துப்புரவாக்கச் சென்றோம். வைரவேலை! மூன்று நாட் சிரமதானம். அடிக்கல் தெரியும்வரை சேற்றை வழித்தெடுத்தோம். கடகங் கடகமாகப் புகையிலைத் தோட்டத்துக்கு ஏற்றினோம். அதுவும் போதாதென்று சுவர் முழுவதும் சுண்ணாம்பு பூசி, அடியில் வெளிற்றும் தூளையும் தூவினோம். பெரியோர் வந்து பார்த்து மெச்சினார்கள். படமும் எடுத்துக்கொண்டோம்.

ஐப்பசி மழையில் கேணி நிரம்பியது. நீர் முதலில் கண்ணாடிபோல இருந்தது. இரண்டு கிழமையில் பச்சையாயிற்று. கிட்டப் போய்ப் பார்த்தால் நுளம்புக் குடம்பிகள் தலைகீழாகத் தொங்கின. மாலையில் தேவாரம் பாட நின்றோர் கால் தட்டித் தட்டியே பாடினார்கள். கேணிக்கரையில் பூமரங்களுக்குத் தண்ணீர் ஊற்றும் ஒரு முதியவர் இருந்தார். ஊரார் எல்லோருக்கும் அவர் அப்பு. அவர் எம்மைப் பார்த்து, "என்ன பெடியள், மழை விழுந்து நாலாம் நாள் தண்ணியிலை பொடி துள்ளுமே, இந்தமுறை ஒண்டையும் காணேல்லை. சேறெல்லாத்தையும் வழிச்சுப் போட்டியள். கேணிக்கு இனி விதை எங்கை?" என்றார். நாம் சிரித்தோம். அப்பு பள்ளிக்கூடம் அதிகம் போனவரல்லர். நாம் விலங்கியல் படித்தவர்கள்! அவர் சொன்ன விதையை நாம் புத்தகத்திலே கண்டுகொள்ளச் சில வருடங்கள் சென்றன.

ஒரு கேணியின் ஒரு வருடத்தைக் கொண்டு தீர்ப்புச் சொல்லுதல் விஞ்ஞானமாகாது. அந்த வருட மழையும் வெயிலும் வேறாயிருந்திருக்கலாம். பூசிய சுண்ணாம்பு ஒரு காரணமாயிருக்கலாம். ஆனால் வழி தெளிவானது. நுளம்பு பறந்து வருவது. எந்தப் புதிய நீரையும் இரண்டொரு நாளிற் கண்டுகொள்ளும். அதன் குடம்பியைத் தின்பதும், அதனோடு உணவுக்குப் போட்டியிடுவதுமான உயிர்களிற் பல சேற்றிலிருந்தே எழவேண்டியவை. சேற்றை அகற்றினால் நுளம்புக்கு முதல் வருகை, மற்றவைக்குத் தாமதம். வயலுக்கும் வெங்காயத்துக்கும் அடிக்கும் பூச்சிமருந்து மழையோடு குளத்துள் வந்தாலும் இதுவே விளைவு. தெள்ளு அத்தகைய மருந்துக்கு மிக மெல்லியது. அதனாலேயே உலகெங்கும் ஒரு புதிய இரசாயனம் நீருக்குத் தீங்கானதா என்று பார்க்கத் தப்னியாவைத்தான் நாற்பத்தெட்டு மணி நேரம் அதில் விட்டுப் பார்க்கிறார்கள்.

சைக்கிளொப்ஸ் இனத்து மீசோசைக்கிளொப்ஸ் நுளம்பின் சின்னஞ்சிறு குடம்பிகளை, அதாவது முட்டையிலிருந்து அப்போதுதான் வந்தவற்றை, பிடித்துத் தின்னும். தான் தின்னக்கூடியதிலும் அதிகமாகக் கொன்று போடவும் செய்யும். வியட்நாமிலே ஊர்மக்களே இதனைத் தண்ணீர்த் தொட்டிகளிலும் சாடிகளிலும் விட்டு வளர்த்தார்கள். 2005-இல் வெளியான அறிக்கையின்படி, 37 கிராமத் தொகுதிகளில் 32-இல் டெங்கு நுளம்பு முற்றாக ஒழிந்தது. அங்கே வேலையை நடத்தியவர்களில் பெரும்பாலோர் ஊர்ப் பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் என்பதை எமது வாலிபர் கவனிக்கவேண்டும். 2017-ஆம் ஆண்டில் மாத்திரம் இலங்கையில் 186,000-க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதியப்பட்டதை நாம் மறக்கவில்லை.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் சொல்லாமல் விட முடியாது. டெங்கு நுளம்பு கேணியில் அன்று, முற்றத்துச் சிரட்டையிலும் ரயரிலும் பூச்சாடித் தட்டிலுமே பிறக்கிறது. கேணியைக் காப்பதால் டெங்கு ஒழியுமென்று யாரும் வீட்டுக்குப் போய்ச் சொல்லவேண்டாம். இரண்டாவது, சைக்கிளொப்ஸ் எல்லா இடத்திலும் நல்லவரல்லர். நரம்புச் சிலந்தி என்று முன்னோர் அஞ்சிய நோயின் புழுவை நீரிலே சுமந்தவர் அவரே. 1870-இல் பெட்சென்கோ என்ற ருசியர் இதனைக் கண்டார். நீரை நன்றாக வடிகட்டிக் குடிக்கப் பழக்கியதே இந்தியாவில் அந்நோயை ஒழித்த வழிகளில் முதன்மையானது. அங்கே கடைசி நோயாளி காணப்பட்டது 1996-இல். நோயற்ற நாடென்று 2000-இல் சான்று பெற்றது. பாட்டிமார் தண்ணீர்க் குடத்தின் வாயிலே வேட்டித் துண்டு கட்டி வார்த்ததைப் பழைமை என்று நகைத்த எம்போன்றோர் இங்கும் ஒருமுறை தலை குனியலாம்.

மீன் விடலாமே என்று பலர் கேட்கிறார்கள். 2016-இன் இறுதியில் மன்னார்க் கிணறுகளிலே மலேரியா பரப்பக்கூடிய ஒரு புதிய நுளம்பினம் காணப்பட்டு, பின்னர் யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டபோது, கிணறுகளில் மீன் விட்டதற்கு நியாயம் உண்டு. கிணறு வேறு, குளம் வேறு. 1952-இல் இத்தீவுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவைக் குளந்தோறும் விட்டால் சட்டிக்கு மீன் கிடைக்கும். ஆனால் அதன் குஞ்சுகள் தெள்ளையே தேடித் தின்னும். குளத்தை ஆழமாகத் தோண்டி வற்றாமற் செய்து மீனும் விட்டோமாயின், வறட்சி என்ற பழைய காவலையும் எடுத்துவிட்டோம். ஒரு ஊரிலே அப்படி ஒன்று இருக்கட்டும். எல்லாவற்றையும் அப்படி ஆக்கவேண்டுமா என்பதே எமது கேள்வி. அடியிலே சீமெந்து பூசுவதைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. சுண்ணாம்புக் கல்லின் வழியே கிணறுகளுக்கு இறங்கவேண்டிய மழைநீரையும் அது மறித்துவிடுகிறது.

சுண்ணாம்புக் கல் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. இச்சிற்றுயிர்கள் ஒவ்வொரு தடவை ஓடு கழற்றும்போதும் புதிய ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்துத் தேவை. கனடாவில் எமது உறவினர் பலர் வாழும் ஒன்ராறியோ மாகாணத்துக் கருங்கற் பூமி ஏரிகளில் அச்சத்துக் குறைந்து வருவதால் தப்னியாக்கள் அருகுவதை 2008-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. எமது கேத்திலில் வெள்ளையாகப் படிந்து வீட்டுக்காரியை அலுக்கச் செய்யும் அதே சுண்ணாம்பு இங்கே தெள்ளுக்குக் குறைவில்லாத செல்வம்.

இனி ஆவணி வேலைக்கு வருவோம். கேணியைத் துப்புரவாக்க வேண்டாமென்று எவரும் எண்ணவேண்டாம். பொலித்தீன், போத்தில் ஓடு, இறைச்சிக் கழிவு எல்லாம் அள்ளப்படவே வேண்டும். தூர்ந்துபோன குளத்தில் நீர் நில்லாது. தூர் எடுப்பது முன்னோர் செய்துவந்த வேலை. அவர்கள் ஒரே வருடத்தில் இயந்திரம் விட்டு அடிவரை சுரண்டவில்லை. எமது யோசனை இதுதான். இந்த வருடம் மேற்குப் பாதியை மாத்திரம் எடுப்போம். கிழக்குப் பாதி அடுத்த வருடம். உறங்கும் முட்டைகள் பெரும்பாலும் சேற்றின் மேற்பரப்பிலே சில அங்குலத்துக்குள் இருப்பவை. ஆகவே மேற்குப் பாதியின் மேற்சேற்றிலும் பத்துக் கடகத்தை முதலிலேயே வழித்து, மடத்து நிழலிலே பரவி வைப்போம். வேலை முடிந்தபின் அதனைத் திரும்ப அடியிலே தூவிவிடுவோம். மிஞ்சியதைத் தோட்டக்காரர் கொண்டுபோகட்டும். வெளிற்றும் தூள் வேண்டாம்.

இந்த யோசனை நிருவாக சபையிலே இரண்டு தடவை பேசப்பட்டது. சபையாரிற் சிலர், பாதி எடுத்துப் பாதி விட்டால் ஊரார் சிரிப்பார்கள் என்கிறார்கள். இயந்திரத்துக்கு இரண்டு தடவை கூலி கொடுக்கவேண்டும் என்ற பொருளாளரின் சொல்லும் தள்ளத்தக்கதன்று. அதற்கு எம்மிடம் சரியான மறுமொழி இல்லை. கிழக்குப் பாதியை மண்வெட்டியால் நாமே எடுத்தாலன்றி. அப்பு இன்று இருந்திருந்தால் இரண்டு வார்த்தையில் வழக்கை முடித்திருப்பார்.

வாலிபர்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறோம். மழை தொடங்கிய நாள் முதல், கிழமைக்கு ஒரு தடவை, ஒரே நேரத்தில், ஒரே படியில் நின்று, ஒரு வாளி நீரை மெல்லிய துணியால் வடித்து, தெள்ளு எத்தனை, முட்டை எத்தனை, நுளம்புக் குடம்பி எத்தனை என்று கொப்பியில் எழுதவேண்டும். செடியுள்ள ஓரத்தில் ஒரு வாளி, வெறும் நீரில் ஒரு வாளி. ஏனெனில் இவை எங்கும் ஒருபோலப் பரந்திருப்பவை அல்ல. திருவிழாக் கூட்டம்போல ஓரிடத்தில் நெருங்கி ஓரிடத்தில் இல்லாதிருப்பவை. மேற்குப் பாதிக்கு ஒரு கொப்பி, கிழக்குப் பாதிக்கு ஒரு கொப்பி. மாசியில் இரண்டையும் பக்கத்திற் பக்கமாக வைத்துப் பார்ப்போம். அப்புவும் நாமும் சொன்னது பிழையென்று தெரிந்தால், அடுத்த ஆண்டு மலரில் அதனையும் எழுதுவோம்.

நேரம் ஆகிவிட்டது, தலைவர் அவர்கள் மணிக்கூட்டைப் பார்க்கிறார்கள். பூதக்கண்ணாடி ஒன்றுதான் இருக்கிறது. சிறுவர்கள் முதலில் வரட்டும், பெரியவர்கள் பின்னால் நிற்கட்டும். போத்தலைக் குலுக்கவேண்டாம். சேறு கலங்கினால் அடங்க அரை மணி நேரம் செல்லும்.